நன்றாகச் சாப்பிடுகிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்று பார்த்தால், நான் வாயைத் திறப்பதற்குள் "நல்லா சாப்பிடறேன்க்கா, மிஷின் சத்தம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. உன் அறையில் கூட இருக்கும் லாரிக்காரத் தம்பி விடுமுறை முடிந்து திரும்பும்போது இதை உன் கையில் கொடுப்பார். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவரை முறைக்காதே.

முதலில் மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகாராணி போய்விட்டாள்.

நீ போனில் கேட்டபோதெல்லாம் அவளுக்கு என்ன, ஜம்மென்று இருக்கிறாள் என்றேன். பொய்தான். அவ்வளவு தூரத்தில் தனியாகக் கிடப்பவனிடம் இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீயும் அப்படி நினைத்துத்தானே என்னிடம் பேசுகிறாய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீ பெயர் வைத்த மாடு அவள். வந்த அன்றே வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். "மகாராணிக்கு வேற வாளி வேணுமாம்" என்று நீ சொன்னதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. இந்த ஈற்றில் கன்று செத்துப் பிறந்தது. சில வாரத்தில் அவளுக்குத் தண்ணீர் தண்ணீராகக் கழிய ஆரம்பித்தது. கன்றை நினைத்து ஏங்குகிறாள் என்று நினைத்தோம். பிறகு தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். மாற்றிப் பார்த்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம். நிற்கும், மறுபடி வரும். காய்ச்சல் இல்லை, கண்ணில் களை குறையவில்லை. தொட்டியில் போட்டதைத் துடைத்துவிட்டுப் பக்கத்து மாட்டின் பங்கிலும் தலையை விடுவாள். பால் ஊற்றுமிடத்தில் யார் விசாரித்தாலும் நான் ஒரே பதில்தான் சொன்னேன், நன்றாகச் சாப்பிடுகிறது என்று. சாப்பிடுகிற மாட்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு அவ்வளவு தைரியம்.

ஆனால் உடம்பு கரைந்துகொண்டே வந்தது. இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்றே புரியவில்லை.

புதிதாக வந்திருக்கும் மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். சின்ன வயதுதான், அதிகம் பேசமாட்டார். தீனி எடுக்கிறதா என்று கேட்டார். நான் பெருமையாக, "நல்லா சாப்பிடுதுங்க" என்றேன். அவர் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "அதாம்மா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. ஜோனிஸ் நோய் என்றால் போதுமாம். காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சொந்தமாம் அந்தக் கிருமி. கன்றாக இருக்கும்போதே, சாணி பட்ட மடியில் பால் குடிக்கும்போது உள்ளே போய்விடும். வருஷக்கணக்கில் சத்தமே காட்டாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு குடல் உள்ளுக்குள் தடித்துப் போய், தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாது. நம்மிடம் வரும்போதே அதைக் கொண்டுதான் வந்திருக்கிறாள், பாவம். மருந்து என்ன என்று கேட்டேன். மருந்து கிடையாது என்றார். பார்க்க நன்றாக இருக்கிற மற்ற மாடுகளையும் சோதிக்க வேண்டும் என்றார்.

உன் மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. "டெஸ்ட் எடுக்காத வரைக்கும் எல்லா மாடும் நல்ல மாடுதான்" என்று சொல்லிவிட்டுப் புல் அறுக்கப் போய்விட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கண்டுபிடித்த மாட்டைத் தொழுவத்தில் வைத்திருக்க முடியாது, பால் இல்லாவிட்டால் எங்கள் பிழைப்பு இல்லை. இதற்கிடையில் மாட்டுத் தரகர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். இன்னும் இளைப்பதற்குள் தூரமாக எங்கேயாவது தள்ளிவிடலாம், அங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்றார். மாமா அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். நம் தலையிலும் யாரோ ஒருத்தன் இப்படித்தான் கட்டிவிட்டுப் போயிருக்கிறான், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று கத்தினேன். தரகர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் மாமாவே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

இவ்வளவு எழுதிவிட்டுக் கறக்கப் போனேன். கை கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லா மாட்டிலும் ரத்தமும் சாணமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ரத்தத்தின் முடிவு முதலில் வந்தது. சாணத்தில் அந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்க மாதக்கணக்கு ஆகுமாம், அவ்வளவு சோம்பேறிக் கிருமி. மகாராணிக்கு இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். எலும்பும் தோலுமாக நிற்கிற கிழவி மாட்டுக்கும் இருக்கும் என்று பந்தயமே கட்டியிருப்பேன், அவளுக்கு இல்லை. இருந்தது யாருக்குத் தெரியுமா? மகாராணியின் மகள் இளவரசிக்கு. வால் நுனி வரை மினுமினுவென்று இருப்பாளே, அவளுக்கு. பெயர் மாறிப் போய்விட்டது என்று மாமா சண்டைக்குப் போனார். சாணத்தின் முடிவு வரட்டும் என்று தனியாகக் கட்டி வைத்துக் காத்திருந்தோம். அதிலும் அதேதான் வந்தது. கண்ணால் பார்த்து நான் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, தம்பி. இத்தனை வருஷம் மாட்டோடு மாடாக இருந்தும்.

மகாராணியை முதலிலேயே அனுப்பிவிட்டோம். எழுந்திருக்கவே சிரமப்பட்டாள், வலி தெரியாமல் உயிர் போகிற ஊசியை டாக்டரம்மா போட்டார். இளவரசியும் பிறகு போனாள். இரண்டு பேரையும் கொல்லையில் ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். மாமா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கிழவி போன மாதம் ஈன்றாள், பெண் கன்று. டாக்டரம்மா சொன்னபடி, கன்று எழுந்து மடியைத் தேடுவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். விறகு அடுக்கும் அறையைத் தேய்த்துக் கழுவி அதற்கு ஒதுக்கியிருக்கிறோம். கிழவியின் மடியைக் கழுவி, சீம்பாலைச் சுத்தமாகக் கறந்து, புட்டியில் கொடுத்தேன். சோதனையில் ஒரு தடவை இல்லை என்று வந்தால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லையாம், ஆரம்பத்தில் பிடிபடாதாம், அதனால் வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். கன்றுக்குத் தனி வாளி. எரு போட்ட இடத்துப் புல்லை அதற்குப் போடுவதில்லை. தொழுவத்துச் செருப்போடு அந்த அறைக்குள் போகக்கூடாது என்பதால் உன் பழைய ரப்பர் பூட்ஸைத்தான் போட்டுக்கொள்கிறேன். முன்னால் துணி திணித்தும் கழன்று கழன்று வருகிறது. கிழவி கன்றைக் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தாள், நான் காதைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆனால் கன்று துள்ளுகிறது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

லாரிக்காரத் தம்பி நீ கொடுத்தனுப்பிய போர்வையைக் கொடுத்துவிட்டு, போனில் உன் படத்தைக் காட்டினார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நிற்கிறது. "பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கான்க்கா" என்று சிரித்தார். சாப்பிடுகிறானா என்று கேட்டேன். "நல்லா சாப்பிடறான்க்கா, எங்க பங்கையும் சேர்த்து" என்றார்.

போனை அவர் கையிலிருந்து வாங்கி உன் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதற்குமேல் அவரை நான் விடவில்லை. இருமல் நிற்கவில்லை என்பதையும், காலையில் பார்த்தால் உன் தலையணை நனைந்திருக்கிறது என்பதையும் சொன்னார். கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நீ போக மறுப்பதையும் சொன்னார். அங்கே சளியில் ஏதாவது தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களாமே. "டெஸ்ட் எடுக்காத வரைக்கும் நான் நல்ல ஆளுதான்" என்று சொல்கிறாயாம். மாமனும் மச்சானும் பேசி வைத்துக்கொண்டீர்களா? அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நேராக டாக்டரம்மாவிடம் போனேன்.

உனக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் நான் கண்ணால் பார்த்துச் சொல்வதையும், நீ வாயால் சொல்வதையும் இனிமேல் நம்புவதாக இல்லை.

இதுவரை படித்துவிட்டு நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அக்கா வீட்டில் கண்டுபிடித்தால் குழிதான் என்று கேலி பேசுவாய். மகாராணிக்கும் இளவரசிக்கும் மருந்து இல்லையடா. இருந்திருந்தால் நகையைக் கழற்றி வாங்கியிருப்பேன். உன்னைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். நான் மாட்டு டாக்டர் என்று முதலில் தயங்கினார். பிறகு, "எதுவா இருந்தாலும் மனுஷங்களுக்குப் பார்க்க வழி இருக்கும்மா, நாளைக் கடத்தாம போகச் சொல்லுங்க" என்றார்.

கம்பெனிக்காரர்கள் அனுப்பினால் அனுப்பட்டும், வந்துவிடு. இரண்டு மாடு குறைந்துவிட்டதே, நான் அங்கேயே கிடந்து சம்பாதிக்க வேண்டும் என்று கணக்குப் போடாதே. உன் உடம்பை விற்றுத் தொழுவத்தை நிரப்பச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. மாமாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் இருக்கிற அறைக்கு உன் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, ஆடுகிற காலுக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது.

கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அந்த வேலை உன்னுடையது.

மகாராணியைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். டாக்டரம்மா ஊசி போடும்போது நான் அவளுக்குப் பச்சைப் புல் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆசையாக வாங்கி வாங்கித் தின்றாள். தலை சாய்ந்த பிறகும் வாயில் புல் இருந்தது.

அதனால், என் கண்ணே, எது வந்தாலும் வந்ததை எழுது. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் எனக்கு எழுதாதே.

நீ நூறு வயது இருந்து என்னோடு சண்டை போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தடுக்கித் தடுக்கி நடக்கும்
அக்கா