நடுவில் வைத்த எலும்பு

அன்புள்ள டாக்டர் மெரியானாவுக்கு,

வேண்டிய மட்டும் வாய்மூடி இருந்துவிட்டேன். நியூசிலாந்தின் டனீடின் மருத்துவமனையில் நிரந்தர வேலையை விட்டு, மகளைப் பள்ளி மாற்றி, எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூன்றாண்டுப் பணிக்காக நீங்கள் அடிலெய்டு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். கையெழுத்திட மாதக் கடைசிவரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் இது வந்து சேர வேண்டும்.

காணொளி நேர்காணலில் திரைக்கு இந்தப் பக்கம் இருந்த நால்வரில் நானும் ஒருவன். எலும்பைச் சுழற்றி எடுக்கும் எக்ஸ்ரே குறுக்குவெட்டுப் படங்களில் எலும்புக்குள் மங்கலாகத் தெரியும் வளையத்தைப் புதிய அடுக்கு என்று அறிவித்துப் பேர் வாங்கியவர் எங்கள் பேராசிரியர் ரோவன் டில்புரூக். அதை மேலும் ஆராயத்தான் இந்த வேலை. நீங்கள் தயங்கியபடி ஒன்று கேட்டீர்கள்: "செம்மறி எலும்புலயும் கங்காரு எலும்புலயும் வளையம் ஒரே அளவா இருக்கே, எப்படி?" ரோவன், "அதுதானே இதோட அழகு, மெரியானா" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

அந்த வளையம் எலும்பில் இல்லை. கதிரை வாங்கும் தகட்டில் ஒரு புள்ளி பழுது; எலும்பு சுழலச் சுழல அது படத்தில் வட்டமாக விழுகிறது. சுழலும் மேடையின் நட்டநடுவில் எலும்பை வைப்பதில் எங்களுக்குப் பெருமை அதிகம். மயிரிழை விலகினாலும் மாணவர்கள் திட்டு வாங்குவார்கள். அதனால் வட்டம் எலும்போடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஒழுங்காக வேலை செய்ததால் வந்த பிழை.

ஈராண்டுக்கு முன் தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்துப் படமெடுத்தேன். அதிலும் அதே வளையம். தண்ணீருக்கு ஏது அடுக்கு? ரோவனிடம் காட்டினேன். "என்ன நண்பா, தலைவர் பதவி கிடைக்காத எரிச்சல் இன்னும் அடங்கலையா? வெள்ளிக்கிழமை வா, பீர் வாங்கித் தர்றேன்" என்றார். தேநீர் அறையே சிரித்தது.

எரிச்சல் அடங்கவில்லைதான். அந்த மேடையை அமைத்தவன் நான். வளையத்தை அறிவித்த கட்டுரையில் என் பெயர் நன்றி சொல்லும் வரியில் கிடக்கிறது. குன்றுகள் தெரியும் அறை அவருக்கு, குளிரூட்டி உறுமும் அறை எனக்கு. அவர் விழுந்தால் எனக்கு வலிக்காது. ஆனால் விழப்போவது அவர் இல்லை. இந்த வேலையில் உங்களுக்கு முன் இருந்தவன் வேறொரு கருவியில் எடுத்த படங்களில் வளையம் விழவில்லை என்றதும், "பையனுக்குக் கருவி கைவரல, பாவம்" என்று முடித்துவிட்டார்கள். கெட்டிக்காரன். இப்போது டார்வின் நகரில் வீடு விற்றுக் கொடுக்கிறான்.

என்னை நம்ப வேண்டாம். கையெழுத்திடுமுன் ரோவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். எலும்பை நடுவிலிருந்து ஓர் அரிசி அளவு நகர்த்தி வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வளையமும் கூடவே நகர்ந்தால் தயங்காமல் வாருங்கள், நான்தான் முட்டாள். வளையம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்று எலும்பின் குறுக்கே விழுந்தால் டனீடினிலேயே இருங்கள். அவர் அனுப்பவே இல்லை என்றால், அதுவும் பதில்தான்.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. அன்று அதைச் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் மகளும் நன்றாக இருங்கள்.

முதலில் கீழே என் பெயரை எழுதினேன். தண்ணீர்க் குழாய்ப் படத்தையும் மடித்து உள்ளே வைத்தேன். பிறகு பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டு இந்தத் தாளை மீண்டும் எழுதினேன். நான் யாரென்று ஊகிப்பது கடினமில்லை; ஆனாலும் என் பெயரும் என் படமும் சான்றாக நின்றால் எல்லோரும் என் கசப்பைத்தான் பார்ப்பார்கள், எலும்பைப் பார்க்க மாட்டார்கள். நகர்த்தி வைத்துப் பார்க்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. இதை இப்படியே தபாலில் போடுகிறேன்.