நான்கு டிகிரி

அன்புள்ள எறும்புக்கு,

கெஞ்சவில்லை. கெஞ்சிக் கேள் என்று மூன்று கடிதமாக எழுதுகிறாய். ஒரு முறை கேட்டேன், அதுவும் நின்றுகொண்டு, உட்காரச் சொல்லாத மனிதரிடம் எப்படிக் கேட்க முடியுமோ அப்படி. என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இங்கே இரண்டு பேரும் சுகம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. என் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. நீதான் இருமலோடு வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். அந்த ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைக் குழாய் குழாயாக அடுக்குகிறாயே, உன் நெஞ்சை ஒரு டாக்டரிடம் காட்ட நேரமில்லையா. காட்டு. வெந்நீர் குடி. போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் போனில் சொல்லியிருப்பேன். சொன்னால் நீ உடனே பரவாயில்லம்மா என்பாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் கடிதம்.

உனக்கு வேண்டியது ஒரே வரி. அந்தப் புரதத்தின் படிகங்களை வளர்த்தவள் நீதான் என்று உன் ஆராய்ச்சி கைடு எழுதித் தர வேண்டும். போன முறை நீ இதே ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தபோது, இந்தப் படிகங்களின் படங்கள் வேறொருவர் பெயரில் ஏற்கனவே எங்களிடம் இருக்கின்றன என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். திருடி என்று எழுதவில்லை, அந்த மட்டும் மரியாதை. பட்டம் வாங்கி ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது. உனக்கு இந்த வருஷத்தோடு கதவு மூடிவிடும், கடைசித் தேதிக்கு இன்னும் இருபது நாள். காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் வரும் தேதி என்று உன் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாகச் சொல்லாதது. உட்கார்ந்து படி.

உன் கைடு என் அதிகாரி. இருபத்திரண்டு வருஷமாக அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்து அவருக்கு டைப் அடிக்கிறேன். இத்தனை வருஷத்தில் சார் ஒரு சிபாரிசுக் கடிதத்தையும் தானாக எழுதியதில்லை, உனக்கே தெரியும். கதவுக்கு வெளியே தலையை நீட்டி, நல்ல பையன்மா, கொஞ்சம் தூக்கி எழுதுங்க என்பார். இல்லாவிட்டால், சுமார்தான், ஒப்பேத்திடுங்க. மீதி என் கை. ஃபைலில் வைத்து நீட்டுவேன், போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார், கண் ஜன்னலில் இருக்கும். ரப்பர் ஸ்டாம்பு என்று உங்கள் லேபில் அவருக்குப் பெயர். வைத்தது நீதான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

ஒரே ஒரு கடிதத்தை மட்டும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று வரி வரியாகச் சொன்னார். இதே ஃபெலோஷிப்புக்கு ஒரு லேபிலிருந்து ஒரு பெயர்தான் அனுப்பலாம் என்ற அந்த வருஷம். உன் பெயர் போகும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். உன்னோடு அதே லேபில் இருந்த அவருடைய அக்கா மகன் பெயரைச் சொன்னார். இவர் வளர்த்த படிகங்கள் என்றார். என் விரல் நின்றது. என்னம்மா, கம்ப்யூட்டர் மாட்டிக்கிச்சா என்றார். இல்ல சார் என்றேன். அடித்தேன்.

அந்தப் படிகத்தை எனக்குத் தெரியும் எறும்பு. நீ குளிர் அறையிலிருந்து ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு ஸ்வெட்டர்கூட இல்லை. மைக்ரோஸ்கோப்பில் என் தலையைப் பிடித்து அழுத்தி, தெரியுதா, தெரியுதா என்றாய். சர்க்கரைத் துணுக்கு மாதிரி ஒன்று. ஓரங்களை மட்டும் யாரோ பொறுமையாகச் சீவிவிட்டது போல. நாலு டிகிரியில இருந்தாத்தான் இருக்கும், வெளிய எடுத்தா கரைஞ்சிடும், மூச்சை மெதுவா விடும்மா என்றாய். மூச்சே விடாமல்தான் பார்த்தேன்.

சார் சொல்லிக்கொண்டே போனார். இவற்றை அறை வெப்பநிலையில் வளர்த்தார் என்றார். அக்கா மகன் அப்படிச் சொல்லிவைத்திருப்பான், அவனுக்கு எங்கே தெரியும். நான் நான்கு டிகிரி என்று அடித்தேன்.

பழக்கம். சார் சொல்வதில் தப்பு இருந்தால் கேட்காமல் திருத்திவிடுவேன். அதற்காகத்தான் இத்தனை வருஷம் என்னை மாற்றாமல் வைத்திருக்கிறார். கூடவே போன படங்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் நான்கு டிகிரி என்று மெஷினே அச்சடித்திருந்தது. கடிதத்தில் அறை வெப்பநிலை என்று இருந்திருந்தால், தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவராவது புருவத்தைத் தூக்கியிருப்பார், தன் கையால் வளர்த்தவனுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டிருப்பார். அந்தப் பொய்யில் இருந்தது ஒரே ஒரு ஓட்டை. அதை உன்னைப் பெற்றவள் அடைத்துக் கொடுத்தாள். உன் தீசிஸ் அப்போது அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது, வாயைத் திறந்தால் உன் பட்டம் போய்விடும் என்று பயந்தேன், அது உண்மை. ஆனால் பயம் வாயைத்தான் மூடியது. கையைத் திருத்தச் சொன்னது பயமில்லை. என் கெட்டிக்காரத்தனம்.

அக்கா மகன் இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, இப்போது பக்கத்து அறையில் உதவிப் பேராசிரியர். தினம் என்னிடம் ஸ்டேப்ளர் கேட்டு வருகிறான். ஆன்ட்டி என்கிறான். பாப்பா எப்படி இருக்காங்க ஆன்ட்டி, இன்னும் அந்த ஆஸ்பத்திரி வேலைதானா என்கிறான். நல்லா இருக்காப்பா என்று ஸ்டேப்ளரைக் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் வாயை அவன் விரலில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கலாமா என்று தோன்றும். உன் அம்மாவுக்கு இப்படியெல்லாம் தோன்றுமா என்று நினைக்காதே. தோன்றும்.

போன திங்கட்கிழமை சாரிடம் போய் நின்றேன். அந்த ஒரு வரியைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழசை எல்லாம் எதுக்கும்மா கிளறணும் என்றார். நல்ல பொண்ணு, ஒழுங்கா வருவா போவா, அப்படின்னு பொதுவா நாலு வரி நீங்களே அடிச்சிடுங்க, கையெழுத்து போட்டுடறேன் என்றார். ஏழு வருஷம் அவரிடம் வேலை செய்தவளைப் பற்றி. ஒழுங்கா வருவா போவா. சரி சார் என்றேன். என் சரி சாரில் வித்தியாசம் எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

நாலு வரி அடித்தேன், சார் எழுதுவதாக: இந்தப் புரதத்தின் படிகங்களை நான்கு டிகிரியில் வளர்த்தவர் இவர் ஒருவரே. ஐந்து வருஷங்களுக்கு முன் அவை என் அக்கா மகனுடையவை என்று நான் எழுதி அனுப்பிய கடிதம் பொய். இவருக்கு வர வேண்டிய இடத்தை நான் எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். இதற்கு ஆதாரமாகக் குளிர் அறைப் பதிவேட்டின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதிவேட்டைத் தேடி எடுத்தது குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணன். எதுக்குன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க என்று சொல்லிவிட்டு நகல் எடுத்துக் கொடுத்தார். அந்த வருஷத்தில் உன் கையெழுத்து இருநூற்றுப் பதினொரு காலைகள். அக்கா மகனுடையது இரண்டு. அதில் ஒன்று சாப்பாட்டு டப்பா வைக்கப் போனது, வந்த காரணம் என்ற கட்டத்தில் அவன் கையாலேயே எழுதியிருக்கிறான்.

இன்று பதினொரு மணிக்கு ஃபைலை நீட்டினேன். மேலே ரசாயனம் வாங்கும் ஆர்டர், அடுத்து இரண்டு லீவு ஃபாரம், அடுத்து அந்த நாலு வரி, அடியில் என் ராஜினாமா. யாரிடமோ மாநாட்டில் முதல் வரிசை நாற்காலி பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே போட்டார். ஐந்திலும் போட்டார். சிபாரிசுக் கடிதத்தை மட்டும் ஃபெலோஷிப்காரர்கள் தாளில்தான் அனுப்பச் சொல்கிறார்கள், உறையின் மூடியிலும் குறுக்கே கையெழுத்து வேண்டும். அதையும் விரலால் காட்டினேன். காட்டிய இடத்தில் போட்டார்.

எனக்குப் பாவமாக இருக்கும் என்று காத்திருந்தேன். மத்தியானம் வரை காத்திருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

இது நியாயமா என்று நீ கேட்பாய், நீ அப்படிப்பட்டவள். அதில் ஒரு வார்த்தை பொய்யிருந்தால் சொல், கிழித்துவிடுகிறேன். நேற்று ராத்திரி இதைச் சொன்னபோது, சார் பிறகு மறுத்தால் என்ன செய்வது என்று உன் அப்பா கேட்டார். உனக்கு எதுக்குடி இந்த வம்பு, இவ்வளவு நாள் பொறுத்தாச்சு என்றார். மறுக்கட்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் இருபத்திரண்டு வருஷக் கடிதங்களும் வரிசையாகச் சரியும், அந்தக் கடிதங்களைப் பிடித்துக்கொண்டு மேலே போனவர்கள் எல்லோரும் அவர் கழுத்தைப் பிடிப்பார்கள். படித்துத்தான் போட்டேன் என்று சொன்னால் நாலு வரியும் நிற்கும். இரண்டு கதவு, இரண்டுக்கும் வெளியே நான். இதைக் கேட்ட உன் அப்பா, உன்னோட சண்டை போடுறப்ப இனிமே நான் யோசிச்சுப் போடணும் போல என்றார்.

சாருக்கு நன்றி சொல்லி எழுதாதே. போன் வந்தால் எடுக்காதே. எங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே, அப்பாவின் பென்ஷன் இருக்கிறது, எனக்கும் கை இருக்கிறது. என்னை மன்னித்துவிட்டதாகவும் உடனே எழுதிவிடாதே. கொஞ்ச நாள் என் மேல் கோபமாக இரு. அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, எனக்கும் அது தேவையாக இருக்கிறது.

நீ எங்கே நின்றாலும் உன் கையால் செய்தது உன் பெயரில் நிற்கட்டும். நீண்ட நாள் நன்றாக இரு. விண்ணப்பத்தில் உன் பங்கை இந்த வாரமே அனுப்பிவிடு, கடைசி நாள் வரை இழுக்காதே. நெஞ்சைக் காட்டு.

உன் அம்மா

கையெழுத்துக்குப் பிறகு ஒன்று: நடுவில் எழுந்துபோய் அந்த உறையைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன், ரசீது இதற்குள் இருக்கிறது. திரும்பி வந்தபோது அக்கா மகன் என் மேசையருகே நின்றுகொண்டு ஸ்டேப்ளர் ஆன்ட்டி என்றான். அது என்னுடையது என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.