முத்தம்மா பெரியம்மாவின் கடைசிக் கூடை

அம்மா, இந்தத் தாள் வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவுக்குக் கட்டாயம் காட்ட வேண்டாம்.

பக்கத்து வீட்டு முத்தம்மா பெரியம்மா, மலைக்கு இடுப்பில் கட்டிப்போகும் படங்குச் சாக்கைத் துவைத்து நம் வாசல் கம்பியில் காயப்போட்டிருக்கிறார். தேயிலைக் கொழுந்துச் சாறும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை ஜன்னல் வழியாக வருகிறது. உங்களை அணைத்துக்கொண்டால் இதே வாசனைதான் வரும். நாளையோடு பெரியம்மா வேலையிலிருந்து நிற்கிறார். அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

யார் வேலையிலிருந்து நின்றாலும் கம்பனி ஒரு சுவர் மணிக்கூடு கொடுக்கும். தோட்டத்து மேனேஜர் தொரை ஆபிஸ் வாசலில் நின்று சிங்களத்தில் நாலு வார்த்தை பேசுவார், படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். பலாங்கொடை டவுனில் வாங்கிய அந்த மணிக்கூடுகள் நம் லய வரிசையில் பாதி வீடுகளில் ஓடாமல் தொங்குகின்றன.

நீங்கள் தொடங்கியது வேறு. முழங்கால் வலியால் எப்போதும் நிரையில் பின்தங்கிவிடும் ஓர் அக்கா வேலையிலிருந்து நின்ற அன்று, உங்கள் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி ஒன்றும் சொல்லாமல் அவர் கூடையில் போட்டீர்கள். அதைப் பார்த்து அடுத்த நிரையில் நின்றவர் போட்டார். பிறகு எல்லோரும் போட்டார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடை பார்த்தபோது அன்றைக்கு அதிகக் கொழுந்து அந்த அக்காவுடையதுதான். கங்காணியான அப்பா நிறையை எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இத்தன வருசம் நம்மகூட நின்னவ. கடேசி நாளு மொத ஆளா எறங்கிப் போகட்டும்" என்றீர்கள்.

அதன்பிறகு நின்ற எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. உங்களை மட்டும் அந்த நாள் வருமுன் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

கங்காணிகளுக்கு மேலாளாக இப்போது வந்திருக்கும் புது ஐயா, ஒருவர் கொழுந்தை இன்னொருவர் கூடையில் போடுவது களவு என்று வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இனி நடந்தால் கங்காணியின் வேலை போகும் என்றாராம். அப்பா தலை குனிந்து நின்றிருக்கிறார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்காகவே, பெரியம்மாவுக்கு ஒன்றும் செய்வதில்லை என்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை, அம்மா. பின்னேரம் அவர்கள் துணி துவைக்கும் பீலிக்குப் போனேன். நாளை சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, தேத்தண்ணி கொண்டு மலைக்கு வருவேன், அம்மாவின் பங்கை நானே பறித்துப் போடுவேன், நீங்களும் போடுவீர்களா என்று கேட்டேன்.

"கங்காணி மகளே களவுக்கு ஆள் சேக்குதுடி" என்றார் செல்வி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே துணியைப் பிழிந்துகொண்டு கேட்டார். "ஒங்கப்பா வேலைக்கு ஏதும் ஆச்சுன்னா என்னா புள்ள செய்வ?"

"அது களவு இல்லன்னு ஐயாகிட்ட நானே சொல்லுவேன். சிங்களத்துலயே சொல்லுவேன்."

செல்வி அக்கா பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ அம்மா மாதிரியே நிக்கிறா பாரு" என்றார் செல்வி அக்கா. "நான் போடுறேன்" என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

வீட்டுக்கு வரும்வரை அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தேன். ஐயாவிடம் சொல்ல வேண்டியதை இப்போது சிங்களத்தில் மனப்பாடம் செய்கிறேன். களவு என்றால் ஒளித்துச் செய்வது. நீங்கள் பட்டப்பகலில், மலை முழுக்கப் பார்க்கச் செய்தீர்கள். கூட உழைத்தவர் போகும்போது, யாரும் சொல்வதற்கு முன் கையை நீட்டத் தெரிந்தவர் நீங்கள். நான் உங்கள் மகள் என்பதில் எனக்கு இன்றைக்கு இருக்கும் பெருமையை…

கதவு தட்டும் சத்தம். அப்பா குரல்.

"புள்ள, லைட்ட அணச்சிட்டுப் படு. காலையில மலைக்கு வரணும்ல."

மலைக்கு வருவதை நான் அவரிடம் சொல்லவேயில்லை.