கரண்ட் போனதும் ஒரு கைதட்டல்

புதன்கிழமை, இரவு

கோமதிக்குக் காது கேட்கிறது. என் மகளுக்குக் காது கேட்கிறது! முதலில் இதை எழுதிவிட வேண்டும்.

சிவகிரியிலிருந்து வந்த அத்தை திங்கட்கிழமை அவள் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தார். பிள்ளை திரும்பவில்லை. அதிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் உள்ளங்கை சிவக்கச் சிவக்க மாறி மாறித் தட்டினோம். வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்குக் காது டாக்டரிடம் போவதாக இருக்கிறோம். நேற்றுவரை நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

இன்று காலையில் கரண்ட் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் விசைத்தறிகள் நின்றன, தெருவே அடங்கியது. கோமதி பாயில் உட்கார்ந்து கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று ஒரு தட்டு தட்டினேன், மெதுவாகத்தான். விருட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்!

"ஏங்க, இங்கன வாங்க!" என்று கத்தினேன். அவர் ஓடி வந்து தட்டினார். அவரையும் திரும்பிப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

"ஏட்டி, இந்த ரெண்டு நாளும் தறி ஓடும்போதுல்லா தட்டியிருக்கோம்! தறிச் சத்தம் பழகிப்போயி நம்ம காதுலயே விழ மாட்டேங்குது. செவிடு அவ இல்லட்டி, நாமதான்!"

எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடுவோம்.

தறிகளை நிறுத்தியாயிற்று. அதற்கு முன்பே, வழக்கம்போல, கோமதி தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை தட்டிப் பார்க்கலாமா என்று கை பரபரக்கிறது. அதனால்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.