ரொட்டியில் ஒட்டிய நட்சத்திரம்

திருச்சானூர்,
26 பிப்ரவரி 2026

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் கேசியாவுக்கு, உன் தாய்மாமா சாம்ராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சித்தூரில் உன் அம்மாவும் அவர் தயவால் சுகம். ஒசாகாவில் குளிர் ஜாஸ்தி என்று போனில் பார்த்தேன். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

இதைக் கொண்டுவரும் தம்பி பவன்குமார், நாயுடுபேட்டைக்காரன். ஸ்ரீசிட்டியில் ஒரு ஜப்பான் கம்பெனியில் இன்ஜினியர். மூன்று மாத ட்ரெயினிங்குக்கு உங்கள் ஊருக்கு வருகிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் என் ஆட்டோவில்தான் கோயிலுக்கு வருவான். அந்தக் கம்பெனியில் என்னைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிப்பதில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்காது.

டிசம்பரில் டாலர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டியதே, டி.வி.யில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம். ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று, ரூபாய் விழுந்தால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஏற்றம், எங்கள் கேசியாவுக்கு உட்கார்ந்த இடத்தில் சம்பளம் கூடுகிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன். பேங்க்கில் முப்பது வருஷம் இருந்தவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. குவைத்திலிருக்கும் ஸ்டீவனுடைய அப்பா, எங்களுக்கு ஏறியிருக்கிறது, உங்களுக்கும் ஏறியிருக்கும் என்றார். இருக்கும் என்ன இருக்கும், ஏறியாச்சு என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று நீ வீடியோவில் வந்தாய். துன்னியாம்மா என்று உன் அம்மா கேட்டதற்கு ஆச்சு ஆச்சு என்றாய். உன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் நாலு ரொட்டி பாக்கெட். ஒவ்வொன்றிலும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நட்சத்திரம். உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். பாருடா சாமு, பண்டிகைக்கு ரொட்டியிலகூட ஸ்டார் ஒட்டிகீறானுங்க என்று பூரித்துப்போனாள். நான் சும்மா இருப்பேனா? புதுவருஷ ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து, அந்தத் தேசமே நட்சத்திரத்தின் பின்னால் நடக்கிறது என்று சொன்னேன். ஒசாகாவில் அன்றைக்குச் சர்ச்சில் நிற்க இடமில்லை என்று என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, உன் சம்பளம் ஏறியதையும் இந்த நட்சத்திரத்தையும் பவனிடம் ஆட்டோவில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பெரகலேது அங்கிள், தக்கிந்தி என்றான். உன் சம்பளம் ஏறவில்லை, குறைந்திருக்கிறது என்று போனைக் காட்டினான். டாலர் ஏறியதாம், தினார் ஏறியதாம். யென் மட்டும் ஏறாமல் இறங்கிக்கிடக்கிறதாம். நீ அங்கே போன புதிதில் நூறு யென்னுக்கு எழுபது ரூபாய் கிட்ட இருந்தது, இப்போது ஐம்பத்தெட்டு. அரிசி விலை வேறு அங்கே இரண்டு வருஷத்தில் இரண்டு மடங்கு ஆகிவிட்டதாம். அந்த நட்சத்திரம் என்ன என்று கேட்டேன். கடை மூடும் நேரத்தில் மீந்த ரொட்டிக்கு ஒட்டுகிற பாதி விலைச் சீட்டு என்றான். வண்டியை ஓரம் கட்டினேன். டயரில் காற்று குறைவு என்று அவனிடம் சொன்னேன்.

மிஷன் ஸ்கூலில் எட்டாவது வரைக்கும்தான் என்றாலும் கணக்கில் என்னை வாத்தியாரே கேட்டுத்தான் போடுவார். அப்படிப்பட்டவனுக்கு இது ஆறு வருஷமாகப் புரியவில்லை. மாதம் பிறந்தால் உன் இருபத்தைந்தாயிரம் வந்துவிடும், ஒரு ரூபாய் குறைந்ததில்லை. அது குறையாமலிருக்க அங்கே எது குறைகிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

உன் அம்மாவிடம் மறைத்துவிடலாம் என்றுதான் சித்தூர் பஸ் ஏறினேன். செருப்பைக் கழற்றும்போதே, இன்னாடா சாமு, மூஞ்சி இப்டி கீது என்றாள். ஒன்றும் சேர்க்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். எனக்கே அது புதுசு. அவள் அழவில்லை. எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

போன வாரம் போனபோது பிடியரிசி டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் சர்ச்சுக்கென்று ஒரு பிடி எடுத்துப் போடுவாளே, அதே டப்பா. வாங்க வந்த போதகரம்மாவை இரண்டு மாதமாக வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறாள். என்னக்கா, கர்த்தர் பங்கிலேயே கை வைக்கிறாயா என்று விளையாட்டாகக் கேட்டேன். பொண்ணு துன்னாத சோத்த இத்தினி வருஷமா நான் துன்னுகினு இருந்துகீறேன், கர்த்தர் கொஞ்ச நாள் பொறுத்துக்கட்டும்டா என்றாள். டப்பாவை இருந்த இடத்திலேயே மூடி வைத்தேன்.

அரிசியாகவே அனுப்பப் பார்த்தோம். ஏர்போர்ட்டில் அரிசிக்குப் பூச்சி இல்லை என்று பேப்பர் கேட்பார்கள் என்று பவன் சொன்னதால், உன் அம்மா எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, வெல்லப்பாகு ஊற்றிப் பொருள்விளங்கா உருண்டை பிடித்துவிட்டாள். கல் மாதிரி இருக்கும், பல் ஜாக்கிரதை. வேலைக்குப் போகுமுன் ஒன்று, வந்து ஒன்று.

இப்போது நல்ல செய்தி. ஆட்டோவை விற்றுவிட்டேன். நீ அனுப்புவதில் பாதிக்குமேல் அதன் தவணைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, இனி அது இல்லை. முரளிதரன் என்று ஒருவர், இந்த வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிப்போனார். இங்கே ஒரு பெரிய லாட்ஜ் ஓனர் காலில் விழாத குறையாக அழைத்து எனக்கு மேனேஜர் மாதிரி ஒரு பொறுப்புக் கொடுத்திருக்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று தனி நாற்காலி, தொப்பி, விசில். நான் விசில் ஊதாமல் மந்திரி காரானாலும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. வெயில்தான் கொஞ்சம்.

அதனால் மார்ச்சிலிருந்து பணம் அனுப்பாதே. அம்மாவின் மாத்திரை, கரன்ட் பில் எல்லாம் போக என் சம்பளத்தில் மீதியை வைக்க வீட்டில் இடமில்லை. இந்தக் கடிதத்தில் ஓரிரு இடத்தில் கொஞ்சம் சேர்த்திருப்பேன், எது என்று தேடாதே. பணம் வேண்டாம் என்று எழுதியது மட்டும் அசல். அரிசி வாங்கு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது போனை முகத்துக்கு நேரே பிடிக்காமல் தட்டுக்கு நேரே பிடி. உன் அம்மா அதைத்தான் பார்க்க வேண்டுமென்கிறாள்.

நீ உழைத்த சோறு உன் வயிற்றுக்கே சேரும்படி கர்த்தர் கட்டளையிடுவாராக.

உன் தாய்மாமா,
சாம்ராஜ்

பின்குறிப்பு: உருண்டை வருவது அந்தப் பிடியரிசி டப்பாவில்தான். போதகரம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காலி டப்பாவைப் பார்சலில் அனுப்பினால் நசுங்கிவிடும். பவனிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே கையில் எடுத்துக்கொண்டு வா.