கொம்மர் என்று சொல்ல ஆளில்லை

லண்டன், 2009

என் அருமை நேசன் மச்சான்,

நீ போய் நாற்பது நாளாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. உன் பவானி திரும்ப வேலைக்குப் போகிறாள், மகள் மயூரிக்குப் பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது. சொல்ல வேறு ஒரு புதினமும் இல்லை, நீ இல்லை என்பதைத் தவிர.

இந்த வருடம் சாவுச் செய்தி வராத வீடு எங்களுக்குள் எது? ஊர்ச் சண்டையிலிருந்து வந்த அத்தனை செய்திக்கும் பிறகு, மாரடைப்பில் கட்டிலில் செத்த உனக்காக அழ எனக்குக் கூச்சமாக இருந்தது. அழாமல் வேலைக்குப் போனேன். அது பிழை என்று இப்போது தெரிகிறது.

இறைச்சிக் கடையில் உன் இடத்தில் ஒரு போலந்துக்காரர் நிற்கிறார். நல்ல மனுசன், கத்திப் பிடியும் பரவாயில்லை. ஆனால் ஓடர் வந்ததும் என் வாய் தன்பாட்டில் நோர்வேஜியனில் "பிரிங்கெ" என்று கூப்பிட்டுவிடுகிறது. அந்தாள் நிமிர்ந்து பார்க்கிறார். பதிலுக்குக் "கொம்மர்", வாறன், என்று சொல்ல ஆளில்லை.

ஊரில் நாங்கள் ஒரு கோழிகூட உரித்ததில்லை. நீ பள்ளிக்கூடத்தில் லிகிதர், நான் சும்மா திரிந்தவன். இறைச்சி வெட்டப் பழகியது நோர்வேயில். பழக்கியவர்கள் சொன்ன சொற்களும் கையோடு சேர்ந்து வந்துவிட்டன. பிள்ளைகளின் இங்கிலீஷ் படிப்புக்காக லண்டன் வந்து, எட்மண்டன் கடையில் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? முதலாளி "பிரிஸ்கெட்" கேட்டார். நீ தொடையைக் கொண்டுபோனாய். பிறகு கழுத்தை. பிறகு ஈரலை. மனுசன் பொறுமையிழந்து தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார். "அட, பிரிங்கெ" என்று என்னைப் பார்த்தாய். பதினாலு வருடமாக நாங்கள் வெட்டின நெஞ்சிறைச்சிதான்.

அன்று பின்னேரமே ஒரு கொப்பி வாங்கினாய். இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் நோர்வேஜியன் சொல். எல்லாம் தமிழ் எழுத்தில், உன் லிகிதர் கையெழுத்தில். தமிழ்ச் சொல் என்று ஒன்றும் அதில் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

பின்பக்கங்களில் வாடிக்கையாளர் பேச்சில் பிடித்த சொற்றொடர்கள். மீனுமில்லை கோழியுமில்லை என்று இங்கிலீஷ்காரர் சொல்வதை, நோர்வேக்காரர் பறவையுமில்லை மீனுமில்லை என்பார்கள் என்று கண்டுபிடித்தாய். "எங்களைத்தானடா சொல்லியிருக்கிறாங்கள்" என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். நீ செத்த மறுநாள் கடையில் உன் அலுமாரியைத் திறந்தது நான். உன் சப்பாத்தையும் குளிர்ச்சட்டையையும் பவானியிடம் கொடுத்தேன். கொப்பியை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். களவுதான் மச்சான். ஆனால் அந்தச் சொற்களை என்னோடு பேச இந்த லண்டனில் வேறு யார் இருக்கிறார்கள்?

எட்டுச்செலவுக்கு முதல் நாள் மயூரி கடைக்கு வந்தாள். போனவருக்குப் பிடித்த மச்சத்தை, மீனோ இறைச்சியோ, சமைத்துப் படைக்கிற நாளல்லவா? பெண்டுகள் நண்டு, இறால் என்று பட்டியல் போட, அவள் உனக்கு ஃபோரிகோல் வைக்கப்போவதாகச் சொன்னாளாம். முட்டைக்கோவாவும் மிளகும் போட்டு அவித்த அந்த ஆட்டிறைச்சி. மிளகாய்த்தூள் இல்லாத அந்தக் கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கின தமிழன் நீ ஒருவன்தான்.

"மாமா, அப்பாட கொப்பி இஞ்ச இருக்கோ? எந்தப் பக்கத்து இறைச்சி எண்டு அதில எழுதியிருப்பார்."

"இல்லைப் பிள்ளை. நான் காணேல்லை."

அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இறைச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப பிரிங்கெ தாங்கோ மாமா. அதுதானே அவர் எடுக்கிறவர்?"

ஒன்பது வயதில் நோர்வேயை விட்டு வந்த பிள்ளை மச்சான். நீ சொல்வது போலவே சொன்னாள். நான் கொம்மர் என்று சொல்லியிருக்கவேண்டும். பொய் சொன்ன வாயில் அது வரவில்லை. "ஓம், வெட்டித் தாறன்" என்றேன். 

படையல் முடிந்து சாப்பிடும்போது உன் சித்தப்பா, "இதென்ன, ஆசுப்பத்திரியில வருத்தக்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு" என்று தட்டைத் தள்ளிவைத்தார். மயூரி இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.

நேற்றுப் பின்னேரம்தான் கொப்பியின் கடைசித் தாள்வரை போனேன். ஃப்ளெஷ் அண்ட் பிளட். எதிரே, ஷொத் ஒ ப்லூ. இரண்டும் ஒன்றுதான், பெற்ற பிள்ளையைச் சொல்வது. நாங்களும் இரத்தமும் சதையும் என்போமே. அந்த வரிக்குக் கீழே நீ ஒரு தமிழ்ப் பெயர் எழுதியிருந்தாய். மயூரி.

என் பெயரும் எங்காவது இருக்கிறதா என்று தாள் தாளாகத் தேடினேன். இல்லை. கோபமில்லை மச்சான், கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான். அதன்பிறகு அந்தக் கொப்பியை என் பையில் வைத்திருக்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு ஈஸ்ட் ஹாமுக்கு உன் வீட்டுக்குப் போவேன். கொப்பியை மயூரி கையில் கொடுத்து, எடுத்ததையும் ஒளித்ததையும் என் வாயாலேயே சொல்வேன். ஏசினால் ஏசட்டும். மணியடித்ததும் உள்ளேயிருந்து "ஆரது?" என்று அவள்தான் கேட்பாள். இந்தமுறை விடமாட்டேன். கொம்மர் என்று சொல்வேன்.

மயூரிக்கு மாமனும் உனக்கு என்றைக்கும் மச்சானுமான,
குணம்