லிப்டில் ஒட்டிய தாள்

ஜூலை 8, 1999. வியாழன்

உயிரோடு இருந்தபோதே ஏன் விடுவிக்கவில்லை? இன்று வகுப்பில் வந்த கேள்வி.

காலையிலிருந்து மழை. வகுப்பில் பாதிப் பேர்தான். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்ட முதலாளி ஒருவரைப் பற்றிய பாடம். இங்கிலாந்து ராஜா போட்ட வரியை எதிர்த்து அரசியலுக்கு வந்தவர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். தோட்டத்தில் உழைத்தவர்கள் அடிமைகள். உயிலில் அவர்களில் சிலரை விடுவித்தார் என்று முடித்தேன். முதல் வரிசை மேகனா விடவில்லை.

"செத்தப்புறம் குடுக்கறதுல அவருக்கு என்ன நஷ்டம் மேடம்?"

சிரிப்பு. நல்லவேளை, மணி அடித்தது.

சாயங்காலம் கீழே லிப்ட் வாசலில் லதா. எங்கள் வீட்டு வேலைக்கு வருபவள், என்னை மராத்தியில் 'வஹினி' (அண்ணி) என்று கூப்பிடுபவள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. கதவில் ஒட்டிய புதுத் தாளைக் காட்டினாள்.

"இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கு வஹினி? வாட்ச்மேன் ஏறவே விடலை."

வீட்டு வேலை செய்பவர்கள் படியில்தான் போக வேண்டும். படித்துச் சொன்னேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை. எங்கள் வீடு நான்காம் மாடி; அவளோடு படியேறவும் இல்லை.

ஜூலை 9. வெள்ளி

வாங்க: துவரம் பருப்பு, சோப்பு, லதாவுக்குத் தைலம்.

லிப்டில் ஒட்டிய தாளை எழுதியது நான். எங்கள் குடியிருப்பின் சொசைட்டி சேர்மன் போன மாதம் அதைக் கிறுக்கிக் கொண்டுவந்தார். "உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கும்." மாணவர் கட்டுரையைப் போலத் திருத்திக் கொடுத்தேன். காற்புள்ளி வரை பார்த்தேன். யாரைப் பற்றியது என்று பார்க்கவில்லை.

லதா: "ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேசுங்க வஹினி. இல்லேன்னா வேற வீட்டுல வேலை தேடணும். இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏற முடியலை."

பேசுகிறேன் என்றேன். இவர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல்: "இருக்கறதே ரெண்டு தமிழ்க் குடும்பம். நீ ஏன் முந்திக்கறே?"

ஜூலை 11. ஞாயிறு

பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தண்ணீர் டாங்கர், பெயிண்ட், கடைசியாக லிப்ட். எழுந்தேன்.

"அந்த விதியை எடுத்துடலாம்."

சேர்மன்: "அரே, நீங்க எழுதினதுதானே மேடம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் மாடி அம்மாள்: "இன்னைக்கு லிப்ட். நாளைக்கு நம்ம சோபாவா?"

மறுபடி சிரிப்பு. அடுத்த வருஷாந்திர மீட்டிங்கில் பார்க்கலாம் என்றார் சேர்மன். சமோசா வந்துவிட்டது. மீட்டிங் குறிப்பு, மினிட்ஸ், எழுதுவது வழக்கம்போல நான். 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன். கீழே கையெழுத்து. இரண்டாவது தடவை எழுந்திருக்கவில்லை.

ஜூலை 12. திங்கள்

வெயில். லதா வரவில்லை. எட்டரைக்கு வாட்ச்மேன் வந்து அவளிடம் இருந்த எங்கள் வீட்டு மாற்றுச்சாவியைக் கொடுத்தான். கூடவே நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த தைலப் புட்டி, மூடி திறக்காமல்.

"லதாவுக்கு விஷ்ராந்த்வாடி பக்கம் தரைத்தள வீட்டுல வேலை கிடைச்சுதாம்."

பாத்திரம் நான் தேய்த்தேன். கல்லூரிக்குத் தாமதம். லிப்டுக்குக் காத்திருந்தபோது அந்தத் தாளை முழுவதும் படித்தேன். ஒரு பிழை இல்லை.